மருந்து செல்லைத் தொடுவதற்கு முன்: குடலின் சளிப்படலத்தைக் கணக்கில் எடுப்பது எப்படி

மாத்திரை கரைந்துவிட்டது. மருந்து சிறுகுடல் நீரில் தயாராக மிதக்கிறது. ஆனால் இரத்தத்தில் போதுமான அளவு வந்து சேரவில்லை. இப்படி ஒரு முடிவு வந்ததும் நாம் பெரும்பாலும் இரண்டு பேர் மேல்தான் பழியைப் போடுவோம்: ஒன்று செல் சவ்வு, இன்னொன்று கல்லீரல். இந்த இரண்டுக்கும் முன்னால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் சளிப்படலத்தை ரொம்ப நாளாக யாரும் விசாரித்ததே இல்லை. இப்போது நிலைமை தலைகீழ்: மருந்தைச் சுமக்கும் மிக நுண்ணிய துகள்களான நானோதுகள் பற்றிய ஆய்வுகள் பெருகியதும், எது வேலை செய்யாவிட்டாலும் சளிதான் காரணம் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கருத்து.

மருந்தியல் படிக்கிறவர்களையும், வாய்வழி மருந்துகளின் ஃபார்முலேஷனில் புதிதாக இறங்கியிருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கேள்வி இதுதான்: உங்கள் கையில் இருக்கும் மருந்துக்குச் சளி நிஜமாகவே தடையா? ஆம் என்றால், அதை எப்படி அளப்பது, பிறகு என்ன செய்வது? சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சளியைச் சுவர் என்று நினைக்காதீர்கள், ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம் என்று நினையுங்கள். அது தொடர்ந்து சுரந்து, தொடர்ந்து கழன்று, கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அது கழன்று போவதற்குள் மருந்து அதைக் கடந்துவிடுமா என்பதுதான் எல்லாமே.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

சளி என்றதும் மூக்குதான் நினைவுக்கு வரும். சீதபேதி என்று சொல்கிறோமே, அதில் வரும் சீதம்தான் நாம் இங்கே பேசும் பொருள். குடலின் உள்சுவரில் கோப்பை வடிவச் செல்கள் ஆங்காங்கே இருக்கின்றன, அவைதான் இதைச் சுரக்கின்றன. கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர்தான். மீதியில் முக்கியமானது மியூசின் என்ற பெரும்புரதம், அதோடு கொஞ்சம் கொழுப்பு, உப்பு, உதிர்ந்த செல்களின் மிச்சம், அவற்றிலிருந்து வந்த டிஎன்ஏ.

குடலில் இருப்பது மியூசின் 2, இரைப்பையின் மேற்பரப்பில் இருப்பது மியூசின் 5ஏசி. இந்த வேறுபாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆய்வகத்தில் இது நம்மைக் கவிழ்க்கும். மியூசின் 2 மூலக்கூறில் 5,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு. அதன் நடுப்பகுதி முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் தூரிகை மயிர் மாதிரி அடர்ந்து நிற்கும், அவற்றின் நுனிகளில் சயாலிக் அமிலமும் சல்ஃபேட்டும் இருப்பதால் மொத்தத்தில் எதிர் மின்சுமை. இரண்டு முனைகளில் சர்க்கரை இல்லாத, கொழுப்பை விரும்பும் பகுதிகளும், ஒன்றோடொன்று டைசல்ஃபைடு பிணைப்பில் கோத்துக்கொள்ளும் சிஸ்டீன்களும் இருக்கின்றன. அதாவது ஒரே வலையில் மூன்று விதமான பசை: நேர்மின்சுமையைப் பிடிப்பது, கொழுப்புத்தன்மையைப் பிடிப்பது, சல்ஃபர் கைகோத்துப் பிடிப்பது.

செல்லுக்குள் இது சுருட்டி மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது, கால்சியம் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். வெளியே வந்ததும் பைகார்பனேட் அந்தக் கால்சியத்தை இழுத்துக்கொள்ள, மியூசின் ஆயிரம் மடங்குக்கும் மேல் விரிகிறது. பைகார்பனேட் வரத்து குறைந்தால் விரியாது, அடர்த்தியாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சளி கெட்டியாகும் மரபணு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் குடலில் நடப்பது இதுதான்.

தடிமன் இடத்துக்கு இடம் மாறும். எலியில் அட்டுமா குழுவினர் 2001-இல் வெளியிட்ட அளவுகளை இன்னும் எல்லோரும் பயன்படுத்துகிறோம்: நடுச்சிறுகுடலில் சுமார் 120 மைக்ரோமீட்டர், பின்சிறுகுடலில் சுமார் 480, பெருங்குடலில் சுமார் 830. சிறுகுடலில் இருப்பது தளர்வான ஒரே அடுக்கு, எளிதில் உறிஞ்சி எடுத்துவிடலாம். பெருங்குடலிலும் இரைப்பையிலும் இரண்டு அடுக்கு: வெளியே தளர்வானது, உள்ளே சுவரோடு கெட்டியாக ஒட்டியது. பெருங்குடலின் அந்த உள்ளடுக்கில் பாக்டீரியாவே இல்லை என்று யோஹான்சன், ஹான்சன் குழுவினர் 2008-இல் எலியில் காட்டினார்கள். பாக்டீரியாவையே நுழையவிடாத இடத்தில் உங்கள் துகளும் நிற்கத்தான் செய்யும்.

காகிதம், பென்சில், பத்து நிமிடம்

ஆய்வகத்துக்குள் கால் வைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். இதைப் போடாமல் ஆறு மாதம் வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு பொருள் விரவி ஒரு தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம், ஏறத்தாழ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தை விரவல் குணகத்தின் (அது எவ்வளவு வேகமாகத் தானாகப் பரவும் என்பதைச் சொல்லும் எண்) இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. சளி 100 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கம் 10,000.

சாதாரணச் சிறு மூலக்கூறு மருந்துக்குத் தண்ணீரில் விரவல் குணகம் விநாடிக்குச் சுமார் 500 சதுர மைக்ரோமீட்டர். 10,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 10 விநாடி. சளி அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 20 விநாடிதான். சிறுகுடலைக் கடக்க மருந்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் இருக்கிறது. அதில் 10 விநாடி தாமதம் எதையும் மாற்றாது.

இன்சுலின் மாதிரி ஒரு சிறிய புரதத்துக்கு, தனி மூலக்கூறாக இருந்தால், சுமார் 150. அப்படியென்றால் 33 விநாடி. சளி பத்து மடங்கு மெதுவாக்கினாலும் ஐந்தரை நிமிடம். வெறும் நேரக் கணக்கில் இதுவும் பெரிதில்லை. ஆனால் அந்த ஐந்தரை நிமிடமும் அது புரதத்தை வெட்டும் நொதிகளுக்கு நடுவில் நிற்கிறது, சளிக்குள்ளும் அந்த நொதிகள் உண்டு. ஆகவே இன்சுலினுக்குச் சளி தருகிற கஷ்டம் தாமதம் என்பதைவிட, தாமதத்தில் நடக்கும் சேதம்.

இப்போது 200 நானோமீட்டர் துகளை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பத்தில் தண்ணீரில் அதன் விரவல் குணகம் சுமார் 3.3. 10,000-ஐ 6.6-ஆல் வகுத்தால் சுமார் 1,500 விநாடி, அதாவது 25 நிமிடம். வெறும் தண்ணீரிலேயே 25 நிமிடம்! சளி பத்து மடங்கு மெதுவாக்கினால் நான்கு மணி நேரத்துக்கு மேல், நூறு மடங்கு மெதுவாக்கினால் 42 மணி நேரம். எலியின் குடலில் சளி முழுவதும் புதுப்பிக்கப்பட 47 முதல் 270 நிமிடம் ஆகிறது என்று லெஹர் குழுவினர் 1991-இல் மதிப்பிட்டார்கள். அப்படியானால் பத்து மடங்கு மெதுவான துகளே இழுபறியில் இருக்கிறது. நூறு மடங்கு மெதுவானது போட்டியிலேயே இல்லை, சளியோடு சேர்ந்து பெருங்குடலுக்குப் போய்விடும்.

இந்த மூன்று எண்களை (10 விநாடி, 33 விநாடி, 25 நிமிடம்) மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சிறு மூலக்கூறு மருந்து சரியாக உறிஞ்சப்படவில்லை என்றால் கரைதிறன், செல் சவ்வு, செல்லே வெளியே தள்ளும் பம்புகள், கல்லீரல் ஆகியவற்றைத் தேடுங்கள், சளி கடைசி. நானோதுகள் என்றால் சளிதான் முதல்.

ஒரு எச்சரிக்கை. சிறுகுடலின் விரல் போன்ற குடலுறிஞ்சிகளின் உச்சியில் சளி மெல்லியது, அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் தடிமனானது. உறிஞ்சுதல் பெரும்பாலும் உச்சிப் பகுதியில்தான் நடக்கிறது. ஆகவே 100 மைக்ரோமீட்டர் என்பது ஒரு வசதியான எண், அவ்வளவுதான். அதை 50 என்று வைத்தால் நேரம் கால் பங்காகக் குறையும், 200 என்று வைத்தால் நான்கு மடங்காகும். இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள், உங்கள் முடிவு மாறவில்லை என்றால் நிம்மதியாக மேலே போகலாம்.

சிறு மூலக்கூறு என்றாலும் எப்போது கவலைப்பட வேண்டும்

மூன்று சந்தர்ப்பங்கள். ஒன்று, மருந்து மிகவும் கொழுப்பு விரும்பியாக இருந்தால். இவை செல் சவ்வை நொடியில் கடந்துவிடும், அதனாலேயே அவற்றுக்கு மெதுவான படி சவ்வுக்கு முன்னால் உள்ள அசையாத நீர்ப்படலமும் சளியும்தான். பன்றிக் குடல் சளியில் லார்ஹெட், ஆர்ட்டர்சன் குழுவினர் 1990-களின் பிற்பாதியில் செய்த ஆய்வுகளில் கொழுப்பு விரும்பியான டெஸ்டோஸ்டிரோன் போன்றவை நீர்விரும்பியான மானிட்டாலைவிட அதிகமாகத் தடைபட்டன. அதற்கு மியூசினைவிடச் சளியில் உள்ள கொழுப்புகளே பெரிய காரணம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் சுத்திகரித்த மியூசினை மட்டும் வைத்துச் சோதித்தால் இதைப் பார்க்கவே முடியாது.

இரண்டு, மருந்தில் பல நேர்மின்சுமைகள் இருந்தால். ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் மியூசினோடு நன்றாகவே பிணையும். மூன்று, மருந்தில் தயோல் குழு (சல்ஃபரும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) இருந்தால், மியூசினின் சிஸ்டீன்களோடு கோத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பிணைகிறதா என்று பார்க்க எளிய வழி சமநிலை டயாலிசிஸ். சவ்வின் ஒரு பக்கம் சளி, மறுபக்கம் பஃபர் (அமிலத்தன்மை மாறாத கரைசல்), மருந்தைப் போட்டு 37 டிகிரியில் விட்டு, இரண்டு பக்கமும் நிலைபெற்றதும் அளவிடுங்கள். சளி இல்லாத ஒரு ஜோடியையும் கூடவே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் டயாலிசிஸ் சவ்வே மருந்தை ஒட்டிக்கொண்டதைச் சளியின் மேல் எழுதிவிடுவீர்கள். பிணைப்பு இருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். மருந்தின் அளவு அதிகமாக இருந்தால் சளியின் பிடிமானங்கள் நிரம்பிவிடும், மீதி தாராளமாகப் போகும். மைக்ரோகிராம் அளவில் கொடுக்கும் மருந்துக்குத்தான் இது உறைக்கும்.

சளியைச் சேகரிப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஆரம்பத்தில் பாட்டிலில் பொடியாக வரும் பன்றி இரைப்பை மியூசினை வாங்கி, பஃபரில் கரைத்து, சளி என்று பெயர் வைத்து, இரண்டு மாதம் துகள்களை அதில் ஓடவிட்டேன். எல்லாத் துகளும் அழகாகப் போயின. காரணம் எளிது: சுத்திகரிக்கும்போது அந்த மியூசின் துண்டாகிவிடுகிறது, அது ஜெல்லாக இறுகுவதே இல்லை. போதாததற்கு அது இரைப்பையின் மியூசின், குடலுடையது இல்லை. பிணைப்புச் சோதனைக்கு அந்தப் பொடி ஓரளவு உதவும். ஊடுருவல் சோதனைக்கு வேண்டாம்.

பன்றியின் சிறுகுடல் சளி மனிதனுடையதற்கு ஓரளவு நெருக்கம், கிடைப்பதும் எளிது. அறுத்த உடனே பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள், தாமதமானால் நொதிகள் மியூசினை வெட்ட ஆரம்பித்துவிடும். நடுச்சிறுகுடலில் 20, 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். குளிர்ந்த உப்புநீரை மெதுவாக உள்ளே ஊற்றிக் கழிவை வெளியேற்றுங்கள், குழாயைத் திறந்து பீய்ச்சினால் தளர்வான சளியும் சேர்ந்து போய்விடும். உணவுத் துணுக்கு போகவே மாட்டேன் என்கிறதா, அந்தத் துண்டையே விட்டுவிடுங்கள்.

அப்புறம் நீளவாக்கில் கத்தரித்து விரித்து, கண்ணாடிச் சில்லின் விளிம்பைப் படுக்கையாகச் சாய்த்து, லேசாக இழுங்கள். முதல் இழுப்பில் வருவது பால் கலந்த கண்ணாடி மாதிரி, வழவழவென்று, சில்லை உயர்த்தினால் தொங்கி மெதுவாக விழும். அதுதான் வேண்டியது. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் நிறம் இளஞ்சிவப்பாக மாறும், நூல் நூலாக நீளும். அது செல்களும் அவற்றின் டிஎன்ஏவும். நூல் நீள்வதைப் பார்த்து நல்ல கெட்டிச் சளி என்று சந்தோஷப்பட வேண்டாம், அந்த நிறம் தெரிந்ததுமே நிறுத்திவிடுங்கள்.

பல விலங்குகளின் சளியைக் கலந்து, சிறு சிறு பங்காகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு பங்கை ஒரே ஒரு தடவைதான் உருக்க வேண்டும். தண்ணீர் சேர்த்து இளக்காதீர்கள், பிப்பெட்டில் ஏறவில்லை என்றால் ஊசியில்லாத சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள். சோதிக்கும் மருந்து பெப்டைடு (குட்டையான அமினோ அமிலச் சங்கிலி) என்றால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும்: நொதித் தடுப்பான் சேர்த்தால் விரவலை மட்டும் பார்க்கிறீர்கள், சேர்க்காவிட்டால் விரவலும் சிதைவும் கலந்து வரும். நான் இரண்டையும் தனித்தனியாக ஓட்டுவேன்.

ஊடுருவலை அளப்பது

வழக்கமான வழி, சவ்வு வைத்த கிணற்றுத் தட்டில் சளியைப் பரப்பி, மேலே மருந்தை விட்டு, கீழே வருவதை நேரப்படி எடுத்து அளப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. 12 கிணறு தட்டில் ஒரு சவ்வின் பரப்பு சுமார் 1.1 சதுர சென்டிமீட்டர். கைக்கு வசதியாக 0.1 கிராம் சளியை வைத்தால் தடிமன் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர், நிஜச் சிறுகுடலில் இருப்பதைவிட ஒன்பது மடங்கு. நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறுவதால் எண்பது மடங்கு தாமதம் வெறும் உங்கள் கைவேலையால் வருகிறது! இதை அப்படியே எழுதி, சளி மருந்தைத் தடுத்துவிட்டது என்று முடித்த கட்டுரைகளைப் படித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தடிமனை எப்போதும் எடைபோட்டுக் கணக்கிடுங்கள், முடிவைத் தடிமனுக்கு ஏற்பத் திருத்திய விரவல் குணகமாகச் சொல்லுங்கள், சதவீதமாக மட்டும் சொல்லாதீர்கள்.

கன்ட்ரோல் கிணற்றில் அதே கன அளவு பஃபரை வையுங்கள், காலியாக விட்டால் ஒப்பீடே கிடையாது. தட்டை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள். ஆட்டாமல் வைத்த தட்டில் அசையாத நீர்ப்படலமே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்துவிடும், பிறகு சளிக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு தொகுதி சளிக்கும் தெரிந்த இரண்டு பொருள்களை ஓட்டிப் பாருங்கள்: ஒன்று மானிட்டால் மாதிரி சுலபமாகப் போவது, இன்னொன்று ஒளிரும் சாயம் இணைத்த பெரிய டெக்ஸ்ட்ரான் (நீளமான சர்க்கரைச் சங்கிலி). இந்த இரண்டும் வழக்கமான இடத்தில் வரவில்லை என்றால் அன்றைய சளி கெட்டுவிட்டது, மருந்தின் முடிவையும் தூக்கிப் போடுங்கள்.

துகள்களுக்கு நுண்ணோக்கி வழி இன்னும் நல்லது. ஒளிரும் துகளைச் சளியில் மிகக் குறைவாகக் கலந்து, காணொளி எடுத்து, ஒவ்வொன்றின் பாதையையும் மென்பொருளால் தொடர்ந்து, ஒரு விநாடியில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுவது. நூறு துகளுக்குக் குறையாமல் பாருங்கள். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். நூறில் தொண்ணூறு ஒட்டிக்கொண்டு நடுங்குகின்றன, பத்து தண்ணீரில் ஓடுவது போல ஓடுகின்றன என்றால் சராசரி எதையுமே சொல்லாது. அந்தப் பத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண்.

செல் அடுக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால், 1989 முதல் உறிஞ்சுதலுக்கு மாதிரியாக எல்லோரும் பயன்படுத்தும் காக்கோ-2 என்ற மனிதப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள் சளி சுரப்பதில்லை என்பதை மறக்காதீர்கள். அதனால் சளி சுரக்கும் எச்டி29-எம்டிஎக்ஸ் செல்களைப் பத்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற விகிதத்தில் கலந்து 21 நாள் வளர்ப்பது வழக்கம். அதுவும் முழுத் தீர்வு இல்லை. அவை சுரப்பது பெரும்பாலும் இரைப்பை வகை மியூசின் 5ஏசி, அந்தப் படலம் மெல்லியதாகவும் ஆங்காங்கே திட்டுத்திட்டாகவும் இருக்கும். கலப்பு வளர்ப்பில் செல்களுக்கு இடையிலான மூட்டுகளும் தளர்கின்றன, ஆகவே சில நீர்விரும்பி மருந்துகள் சளி இருந்தும் அதிகமாகப் போவது போலத் தெரியும், குழம்பிவிடாதீர்கள். காக்கோ-2 அடுக்கின் மேல் பன்றிச் சளியை நேராகப் போடலாமா என்று கேட்பார்கள். செல்கள் அதைத் தாங்காமல் போகலாம். ஒவ்வொரு தடவையும் செல் அடுக்கின் மின்தடையை அளந்து, செல்கள் உயிரோடு இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டுதான் பேச வேண்டும்.

சளிதான் தடை என்று தெரிந்தால்

இரண்டு எதிரெதிர் வழிகள் பல வருடமாக இருக்கின்றன: ஒட்டிக்கொள்வது, நழுவிப் போவது.

ஒட்டும் வழியில் கைட்டோசான் மாதிரி நேர்மின்சுமைப் பாலிமர்களோ, மியூசினோடு டைசல்ஃபைடு போடும் தயோல் சேர்த்த பாலிமர்களோ பயன்படுகின்றன. மருந்து ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் தங்கும், அதைச் சுற்றிச் செறிவு கூடும். வாயின் உட்புறம், கண் போன்ற இடங்களில் இது நல்ல வழி. சிறுகுடலில் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு, ஏனென்றால் நீங்கள் ஒட்டுவது தளர்வான சளியில், அந்தச் சளியே சில மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறது. ஓடும் படகில் நங்கூரம் போட்டால் படகு நிற்காது.

நழுவும் வழிக்கு யோசனை வந்தது வைரஸ்களிடமிருந்து. நார்வாக் வைரஸ், மனித பாப்பிலோமா வைரஸ் ஆகியவற்றின் துகள்கள் கருப்பைவாய்ச் சளியில் தண்ணீரில் போவது போலவே போயின என்று 2001-இல் காட்டப்பட்டது. அவற்றின் மேற்பரப்பில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் நெருக்கமாகச் சமமாகக் கலந்திருக்கும், கொழுப்பு விரும்பும் இடம் வெளியே தெரியாது, மியூசினின் மூன்று பசைக்கும் பிடி கிடைப்பதில்லை. 2007-இல் லாய், ஹேன்ஸ் குழுவினர் துகள்களைக் குட்டையான பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளால் அடர்த்தியாகப் போர்த்தியபோது, 500 நானோமீட்டர் துகள்கூட பெண்ணுறுப்புச் சளியில் தண்ணீரைவிட நான்கு மடங்குதான் மெதுவாகப் போனது. அடுத்த வருடமே அதில் ஒரு நுணுக்கம் தெரிந்தது: அந்தச் சங்கிலி 2,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையாக இருந்தால் நழுவுகிறது, 10,000 ஆனால் மியூசின் இழைகளுக்குள் சிக்கி ஒட்டிக்கொள்கிறது. ஆகவே போர்வை குட்டையாகவும், இடைவெளியே இல்லாமல் அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். அரைகுறையாகப் போர்த்தினால் போர்த்தாதது போலத்தான். இந்த எண்களைக் குடலுக்கு அப்படியே எடுத்துவராதீர்கள், குடல் சளியின் வலைக்கண் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. நான் 100 நானோமீட்டருக்குக் கீழேயே இருக்கப் பார்ப்பேன், முடிந்தால் 50-க்குக் கீழே சிறு துளிகளாக உடையும் எண்ணெய்க் கலவைகளை முதலில் முயல்வேன்.

நழுவும் துகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. எதிலும் ஒட்டாத மேற்பரப்பு செல்லிலும் ஒட்டாது. சளியைக் கடந்து வந்து வாசலில் சும்மா நிற்கும். இதற்காகத்தான் வழியில் மின்சுமை மாறும் துகள்களைச் செய்கிறார்கள்: மேற்பரப்பில் பாஸ்பேட் குழு இருக்கும், சளியைக் கடக்கும்வரை எதிர்மின்சுமை, செல்லின் அருகே உள்ள ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி அந்தப் பாஸ்பேட்டை வெட்டியதும் நேர்மின்சுமையாக மாறிச் செல்லைப் பிடித்துக்கொள்ளும். சாமர்த்தியமான வேலை, இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

சளியையே கரைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அசிட்டைல்சிஸ்டீன் டைசல்ஃபைடுகளைத் துண்டிக்கும், பாப்பெயின் மியூசினை வெட்டும், உண்மைதான். துகளின் மேற்பரப்பில் சிறிதளவு பாப்பெயினைக் கட்டி, போகிற வழியை மட்டும் இளக்குவது நியாயமான ஆராய்ச்சி. குடல் முழுவதும் சளியை இளக்குவது வேறு விஷயம். அந்தப் படலம் பாக்டீரியாவிடமிருந்து நம்மைக் காப்பது, தினமும் எடுத்துக்கொள்ளும் மருந்துக்காக அதைத் தினமும் கலைக்கக் கூடாது. மருந்து நன்றாகச் சேரட்டும் என்று யாரும் தானாகச் சளி இளக்கியை வாங்கிச் சேர்த்து விழுங்கவும் வேண்டாம்.

நோயாளியின் சளி உங்கள் தட்டில் இருந்த சளி இல்லை

அல்சரேட்டிவ் கோலைடிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) உள்ளவர்களுக்குக் கோப்பைச் செல்கள் குறைந்து, பெருங்குடலின் உள்ளடுக்கு பாக்டீரியா நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் நேர்மாறு. வலிநிவாரணிகளான ஸ்டீராய்டு அல்லாத அழற்சித் தடுப்பு மருந்துகள் புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால் இரைப்பையில் சளியும் பைகார்பனேட்டும் குறையும். ஹெலிகோபேக்டர் பைலோரி யூரியாவை உடைத்துச் சுற்றிலும் பிஎச்சை ஏற்றி, இரைப்பைச் சளி ஜெல்லை இளக்கி, அதற்குள் நீந்திப் போகிறது. பெருங்குடலை இலக்காக வைத்து ஒரு துகளைச் செய்கிறீர்கள் என்றால் ஆரோக்கியமான விலங்கின் சளியில் மட்டும் சோதித்து நிறுத்திவிடாதீர்கள். அழற்சி உள்ள மாதிரியிலும் ஓட்டுங்கள், இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைப் பக்கவாட்டில் ஒதுங்கிக் கடந்த ஒரு மருந்து. சர்க்கரை நோய்க்கான வாய்வழி செமாக்ளுடைடு, அமெரிக்காவில் 2019 செப்டம்பரில் அனுமதி பெற்றது. பெப்டைடு அது. அதைச் சுமக்க நானோதுகள் எதுவும் இல்லை, உறிஞ்சப்பட அது சிறுகுடலை நம்பியிருப்பதும் இல்லை. மாத்திரையில் உறிஞ்சுதலைக் கூட்டும் சால்காப்ரோசேட் சோடியம் 300 மில்லிகிராம் இருக்கிறது. மாத்திரை இரைப்பையின் சுவரோரம் படிந்து அங்கேயே கரையும்போது, அந்தச் சிறு வட்டத்தில் மட்டும் பிஎச் ஏறுகிறது, புரதத்தை வெட்டும் இரைப்பை நொதியான பெப்சின் அடங்குகிறது, செறிவு உச்சத்துக்குப் போகிறது, பெப்டைடு சளியையும் செல்லையும் ஒரே மூச்சில் கடக்கிறது. அப்படியும் உள்ளே போவது 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவுதான், ஆனால் மருந்தின் வீரியத்துக்கு அது போதும். இதிலிருந்தே அதைச் சாப்பிடும் முறையும் வருகிறது: வெறும் வயிற்றில், 120 மில்லிலிட்டருக்கு மேற்படாத தண்ணீரோடு, பிறகு குறைந்தது 30 நிமிடம் உணவோ பானமோ வேறு மருந்தோ கூடாது. தண்ணீர் அதிகமானால் அந்தச் சிறு வட்டத்தின் செறிவு கரைந்துபோகும், உணவு வந்தால் மாத்திரை சுவரை விட்டு விலகும். மருந்தைக் கையில் கொடுக்கிறவர் இதை நோயாளியிடம் காரணத்தோடு வாயால் சொல்ல வேண்டும், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை நம்பி விட்டுவிடக் கூடாது.